ஒரே போர்வைக்குள் மூன்று ராஜாக்கள்

நேற்று ராத்திரி தூங்கப் போகும் முன் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க ஆரம்பித்து, அதிலேயே நேரம் போய்விட்டது. பிரான்சில் ஓத்தூன் என்ற ஊரின் பேராலயத்தில் ஒரு தூணின் தலைக்கல், 12ஆம் நூற்றாண்டு வேலை. குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களும் ஒரே கட்டிலில், ஒரே போர்வைக்குள், கிரீடத்தைக்கூடக் கழற்றாமல் படுத்திருக்கிறார்கள். குழந்தையைக் கொல்லத் தேடிய ஏரோது மன்னனிடம் திரும்பிப் போகாதீர்கள் என்று எச்சரிக்க வந்த தேவதூதர் ஒரு விரலால், ஒரே ஒரு விரலால், ஒருவருடைய கையைத் தொடுகிறார். அவருக்கு மட்டும் கண் திறந்துவிட்டது, மற்ற இருவரும் நல்ல உறக்கம். தேவதூதரின் இன்னொரு கை நட்சத்திரத்தைக் காட்டுகிறது. கட்டிலை மேலிருந்து பார்ப்பது போலச் சிற்பி செதுக்கியிருக்கிறார், இல்லாவிட்டால் அந்தச் சின்னக் கல்லில் மூன்று முகமும் தெரியாது. அப்புறம் அந்தப் போர்வை மடிப்புகள்! குளத்தில் கல் விழுந்தால் விரியும் வட்டங்கள் மாதிரியே இருக்கின்றன.

அதே கோயிலின் வாசல் சிற்பத்தில் 'கிஸ்லபெர்துஸ் இதைச் செய்தார்' என்று லத்தீனில் பொறித்திருக்கிறது. அது சிற்பியா, செலவு செய்தவரா என்று இன்னும் வாதாடுகிறார்கள். சிற்பிதான் என்று நம்பவே எனக்கு ஆசை.

அசல் கல்லை இப்போது இறக்கி ஆலயத்திலேயே ஒரு கூடத்தில் வைத்திருக்கிறார்கள், கிட்டப் போய்ப் பார்க்கலாம். தூண் உச்சியில் இருந்த காலத்தில் அந்த விரல் கீழே நின்றவர்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்?