மூட்டையில 18, கோழி வயித்துல 14

கார்த்திகை பொறந்ததுல இருந்து முட்டைக் கூடை பாதி நாள் காலியாவே கெடந்துச்சு. காரிமங்கலத்துல இருந்து கொஞ்சம் உள்ள போகணும் எங்க ஊருக்கு, கொல்லையில மொத்தம் 11 பெட்டை, 6 கிராமப்பிரியா (முட்டைக்குன்னு கொல்லையில வளக்கற ஜாதி), 5 நாட்டுக்கோழி, கூட ஒரு சேவல். ஐப்பசி வரைக்கும் வாரத்துக்கு 38, 39 முட்டைன்னு எடுத்துட்டு இருந்தேன், பால் கணக்கு எழுதுற மாதிரி கேலண்டர்ல பென்சில்ல குறிச்சு வைக்கறது பழக்கம், அது அப்படியே சரிஞ்சு ஒரு வாரம் 15ல வந்து நின்னுச்சு. ரெண்டு கிராமப்பிரியாவுக்கு முதுகுல இறகே இல்ல, தோல் செக்கச்செவேல்னு தெரியுது. ஒருநாள் தண்ணி வைக்கப் போனப்ப பார்க்கறேன், ஒண்ணு இன்னொன்னு முதுகுல இருந்து இறகைப் புடுங்கி கீழ போடாம முழுங்குது!

இறகு கிட்டத்தட்ட முழுசும் புரதம் தான், முட்டையிலயும் ஒண்ணுக்கு 6 கிராம் புரதம் போகுது, அப்ப இதுங்களுக்குப் புரதம் பத்தலன்னு நானே முடிவு பண்ணிட்டேன். அதுவரைக்கும் லேயர் தீவனம், அதாவது முட்டைக்கோழித் தீவனம், கடையில லூசா அள்ளிக் குடுக்கறது தான், கேட்டா புரதம் 16 சதவீதம்னாங்க. புரதம் கூட இருக்கறது வேணும்னேன், கடைக்காரர் யோசிக்கவே இல்ல, பிராய்லர் பினிஷர், அதாவது கறிக்கோழிக்கு கடைசியில போடற தீவனம், ஒரு மூட்டையைத் தூக்கி வெச்சார். லேபிள்ல புரோட்டீன் 19னு போட்டிருந்துச்சு, நானும் சந்தோசமா வண்டியில கட்டிட்டு வந்துட்டேன். அவர் மேல தப்பு சொல்லல, நான் கேட்டது புரதம், அவர் குடுத்தது புரதம்.

ரெண்டு வாரம் போட்டேன். கோழி நல்லா தின்னுச்சு, பளபளன்னு கூட ஆச்சு. ஆனா முட்டை எடுக்கறப்ப விரல் பட்டாலே ஓடு அமுங்குது, ஒருநாள் காலையில கையை விட்டு எடுக்கறேன், கட்டைவிரல் நேரா உள்ள போயிடுச்சு, கையெல்லாம் மஞ்சக்கரு. அடுத்த நாள் ஓடே இல்லாம ஒரு தோல்முட்டை, நனைஞ்ச பலூன் மாதிரி வைக்கோல் மேல கெடக்குது. அதை எடுக்கறதுக்குள்ள செவலைக் கோழி வந்து கொத்திக் குடிச்சிடுச்சு. முட்டை குடிக்கற பழக்கம் ஒரு கோழிக்கு வந்தா மத்ததுக்கும் தொத்திக்கும், அந்த பயம் வேற.

எங்க மாமா பையன் ஓசூர் மத்திகிரியில கோழியினக் கல்லூரியில படிக்கறான். போன் போட்டு விஷயத்தைச் சொன்னா சிரிக்கறான். "ண்ணா, புரோட்டீனை மட்டும் பார்த்தீங்களே, அதுக்கு கீழயே கால்சியம்னு ஒரு வரி இருக்கும், அதைப் பார்த்தீங்களா?" ஓடிப் போய்ப் பார்த்தா 1 சதவீதம் கூட முழுசா இல்ல. கறிக்கோழிக்கு அது போதும், அது முட்டையா போடப்போகுது. முட்டைக்கோழிக்கு மூணரை சதவீதம் கிட்ட வேணுமாம், ஒரு ஓட்டுக்கே 2 கிராம் கால்சியம் போகுது, தீவனத்துல இல்லன்னா அது எலும்புல இருந்து எடுத்துப் போடும், அதுவும் தீர்ந்தா தோல்முட்டை தான்.

அப்புறம் அவன் கேட்ட ரெண்டாவது கேள்வி தான் முக்கியமானது. "சாயங்காலம் என்னா போடறீங்க?"

சாயங்காலம் நான் எதுவும் போடறதில்ல, அம்மா தான் போடறாங்க. முறத்துல கேவுரும் (கேழ்வரகு) ஒடச்ச மக்காச்சோளமும் கலந்து எடுத்துட்டுப் போய் "பா பா பா"ன்னு கூப்பிட்டு வீசுவாங்க. அதைப் போய் யாரு அளந்து பார்ப்பா? அன்னிக்கு அம்மா கையில இருந்து முறத்தை வாங்கி தராசுல கொட்டிப் பார்த்தேன், அரை கிலோ! 11 கோழிக்குப் பிரிச்சா தலைக்கு 45 கிராம். ஒரு கோழி நாளைக்கு மொத்தமா திங்கறதே 110 கிராம் தான், அதுல 45 இதுவே போயிடுச்சுன்னா தீவனம் 65 தான் உள்ள போகுது. கேவுருல புரதம் 7, மக்காச்சோளத்துல 9, சராசரியா 8னு வெச்சுக்கங்க. 16 சதவீத தீவனம் 65 கிராம்னா 10.4 கிராம் புரதம், தானியத்துல 3.6, ஆகமொத்தம் 14 கிராம், 110க்கு கணக்கு போட்டா 13 கூட வரல. சரி 18 சதவீத தீவனமே வாங்கி அதே மாதிரி கேவுரும் வீசுனா? 14க்குப் பக்கத்துல தான் நிக்குது. அதாவது காசு கூட குடுத்து 18 வாங்கி தானியத்தையும் வாரி வீசறதை விட, பழைய 16 தீவனத்தையே வேற எதுவும் கலக்காம போட்டிருந்தா மேல். இந்தக் கணக்கை பேப்பர்ல போட்டுப் பார்த்தப்ப எனக்கே கொஞ்சம் வெக்கமா இருந்துச்சு.

மார்கழி ஆரம்பத்துல சீல் பிரிக்காத லேயர் மூட்டையா பார்த்து வாங்கினேன், புரதம் 18, கால்சியம் 3.5, தயாரிச்ச தேதியும் பார்த்தேன். லூசா வாங்குனதை விட மூட்டைக்கு 250 ரூபா கூட ஆச்சு. 50 கிலோ நமக்கு 40 நாளைக்கு வரும், அதுக்கு மேல இருப்பு வைக்காம இருக்கறது நல்லது, விட்டமின் குறைஞ்சிடும், எலி வேற. கால்சியத்துக்கு கிளிஞ்சல் தூள் தனியா ஒரு கொட்டாங்குச்சியில வெச்சேன், வேணுங்கறது தானா வந்து கொத்திக்கும். பஞ்சாரத்துல இருக்கற குஞ்சுங்களுக்கு மட்டும் இந்தத் தீவனத்தைக் காட்டறதில்ல, அவ்ளோ கால்சியம் குஞ்சுக்கு கிட்னியைக் கெடுத்துடும், அதுங்களுக்கு ஸ்டார்டர்ங்கற குஞ்சுத் தீவனம் தான்.

ஒரு தொல்லை, இது மேஷ், மாவா இருக்கும். பெருசு பெருசா இருக்கற சோளத்துண்டைப் பொறுக்கித் தின்னுட்டு தூளை அப்படியே விட்டுடுதுங்க, புரதமும் விட்டமினும் இருக்கறதே அந்தத் தூள்ல தான். கொஞ்சம் தண்ணி தெளிச்சு புட்டு மாவு பதத்துக்குப் பிசைஞ்சு வெச்சா தட்டை வழிச்சுத் தின்னுடுது. ஆனா அரைமணி நேரத்துல தீர்ற அளவு தான் பிசையணும், மிச்சம் இருந்தா புளிச்சுப் பூஞ்சை புடிக்கும்.

அம்மாவை சமாதானப்படுத்துனது தான் பெரிய வேலை. "கேவுரு திங்காத கோழி என்னாடா கோழி, நாங்கல்லாம் மூட்டையா வாங்கிப் போட்டு வளத்தோம்?"னு ஒரே சண்டை. அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு, அப்ப இருந்தது வருசத்துக்கு 60, 70 முட்டை வெக்கற கோழி, நாள் முழுக்க மேஞ்சு புழு பூச்சி கரையான்னு புரதத்தை அதுவே தேடிக்கும். கிராமப்பிரியா 200க்கு மேல வெக்கற ஜாதி, நம்ம கொல்லையில அவ்ளோ புழுவுக்கு எங்க போறது? கடைசியில பேசி முடிச்சது, சாயங்காலம் அம்மா கையால ரெண்டே புடி, தலைக்கு 10 கிராம், கூப்பிட்டா அடையறதுக்கு வரணுமே அதுக்காக. இந்த அளவுல கணக்கு 17க்கு வந்துடுது.

நடுவுல பக்கத்துத் தெரு அண்ணன் ஒருத்தர் பட்டுக்கூட்டுல நூல் எடுத்த பிறகு மிஞ்சற புழு ஒரு பை குடுத்தார், புரதம்னா அது தான் புரதம், கோழி அடிச்சிக்கிட்டு தின்னுச்சு. ஆனா அந்த நாத்தம் கை கழுவியும் ரெண்டு நாள் போகல, முட்டையிலயும் வாடை அடிக்கற மாதிரி வூட்ல சொன்னதால விட்டுட்டேன். கடலைப் புண்ணாக்கும் யோசிச்சேன், நம்மகிட்ட இருந்தது மழையில ஈரம் பட்டது, பூஞ்சை விஷம் ஏறி இருந்தா கோழிக்கு ஈரலே போயிடும், மாட்டுக்கும் போடாம கொட்டிட்டேன்.

முட்டைக் கணக்கு: முதல் வாரம் 17, அப்புறம் 17, 22, 26, 30, தை கடைசியில 36. மூணாவது வாரம் வரைக்கும் ஒண்ணும் பெருசா தெரியல, தெண்டச் செலவுன்னு தான் நெனச்சேன். ஓடு மட்டும் பத்தே நாள்ல கெட்டியாயிடுச்சு. முதுகுல முள்ளு முள்ளா புது இறகு குத்திக்கிட்டு வந்துச்சு, இப்ப மூடிடுச்சு, கொத்திக்கறதும் நின்னுச்சு. இதெல்லாம் தீவனத்தால மட்டும்னு சொல்ல மாட்டேன், கார்த்திகை மார்கழியில பகல் பதினொன்னரை மணி நேரம் கூட வராது, முட்டை கொறையத்தான் செய்யும், இறகு உதிர்க்கற காலமா கூட இருந்திருக்கும், தையில பகல் நீள ஆரம்பிச்சதும் ஒரு காரணம் தான். ஓடு கெட்டியானதுக்கு மட்டும் தீவனத்தைத் தவிர வேற காரணம் எனக்குத் தெரியல.

எச்சம் முன்ன விட கொஞ்சம் தண்ணியா போகுது, அம்மோனியா வாடையும் அடிக்குது, அதனால உமியை வாரத்துக்கு ரெண்டு தடவை கிளறி விடறேன். நேத்து ராத்திரி அடைஞ்ச பிறகு செவலையைத் தூக்கி கழுத்தடியில இருக்கற தீனிப்பையைத் தடவிப் பார்த்தேன், மணல் மூட்டை மாதிரி நெறநெறன்னு இருக்கு, ரெண்டு புடிக்கு இவ்ளோ வராது. அம்மாகிட்ட கேட்டா "பக்கத்து வூட்டுக் களத்துல போய் மேஞ்சிருக்கும்"னாங்க. கேவுரு டப்பாவைத் தராசுல வெச்சு எடையைக் குறிச்சு வெச்சிருக்கேன், ஞாயித்துக்கிழமை திரும்ப வெச்சுப் பார்க்கணும்.