சோத்துக்கை மாறின கதை

2022 ஆகஸ்ட் மாசம், ராத்திரி பத்து மணி இருக்கும், பாண்டிச்சேரில என் செல்போன் சர்வீஸ் கடைக்கு ஸ்பேர் வாங்கிட்டு ஃப்ரெண்டோட பைக்ல திண்டிவனம் திரும்பிட்டு இருந்தேன், கிளியனூர் தாண்டினதும் ஒரு நாய் குறுக்க ஓடி வந்துச்சு, அதுக்கப்புறம் 108 ஆம்புலன்ஸோட கூரை தான் ஞாபகம் இருக்கு. ஹெல்மெட் போட்டிருந்ததால தலைல ஒரு கீறல் கூட இல்ல. வலது காலர் போன் உடைஞ்சிருந்துச்சு, அவ்ளோதான்னாங்க. முதல் 48 மணி நேரத்துக்கு அரசாங்கத் திட்டம் இருந்ததால காசும் பெருசா போகல. பாக்க வந்த அத்தன பேரும் தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு சொல்லிட்டு ஆரஞ்சுப் பழத்த வச்சிட்டுப் போனாங்க.

வலது கை மட்டும் அசையல. தோள்ல இருந்து விரல் நுனி வரைக்கும் எதுவுமே இல்ல, யாரோ இன்னொருத்தர் கைய எடுத்து என் ஒடம்புல தொங்க விட்ட மாதிரி. கேட்டா, வீக்கம் வத்தினா சரியாயிடும்னு அனுப்பி வச்சிட்டாங்க. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லல, சொல்லி இனிமே என்ன ஆகப்போகுது. அம்மா நாட்டு வைத்தியர்கிட்ட கூட்டிட்டுப் போய் எண்ணெய்க் கட்டு போட்டாங்க. இப்டியே மூணு மாசம் போச்சு. அந்த மூணு மாசம் தான் இன்னிக்கும் எனக்கு ஆறல, விழுந்தது கூட இல்ல.

கண்டுபுடிச்சது என் வீட்டம்மா தான். போன்ல எடுத்த ஒரு போட்டோவப் பாத்துட்டு, "ஏங்க, உங்க வலது கண்ணு மட்டும் ஏன் சின்னதா இருக்கு"ன்னா. எங்க தெருவுல இருக்கற பிசியோதெரபி தம்பிகிட்ட பேச்சுவாக்குல இதச் சொன்னப்போ அவர் முகம் மாறிடுச்சு. கழுத்துல இருந்து கைக்கு அஞ்சு நரம்பு வேர் வருது, பைக்ல இருந்து தோள்பட்ட அடிச்சு விழும்போது தலை ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் இழுத்தா அது தண்டுவடத்துல இருந்தே பிச்சுக்கும், கடைசி வேர் பிஞ்சா அதே பக்கத்துக் கண்ணு சுருங்கும், எம்ஆர்ஐ எடுங்கண்ணே, நாளைக்கே சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கண்ணேன்னார். அந்த நரம்புக் கொத்துக்கு பிரேக்கியல் பிளெக்ஸஸ்னு பேரு. செல்போன் சர்வீஸ் பண்றவனுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, ஒயர் நடுவுல கட் ஆனா ஜாயின்ட் போட்டுடலாம், இது ஒயர ஒட்டற பேடே போர்டுல இருந்து பேந்து வந்துட்ட கேஸ்.

பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டான்லில கைக்குன்னே தனி டிபார்ட்மென்ட் இருக்கு, வெங்கடசாமி டாக்டர் எழுபதுகள்ல ஆரம்பிச்சது. மெஷின்ல விரல் போனவங்க, பட்டாசு வெடிச்சவங்க, அப்பறம் என்ன மாதிரி பைக் பசங்க, எல்லாம் இருபது முப்பது வயசு, எல்லாரும் ஒரு கைய இன்னொரு கையால குழந்த மாதிரி தூக்கிட்டு உக்காந்திருந்தோம். டாக்டர் நேராவே சொல்லிட்டார், விரல் திரும்ப வராது, கை முட்டி மடங்க வைக்க முயற்சி பண்ணலாம், ஆறு மாசத்துக்குள்ள பண்ணிடணும், லேட் ஆனா நரம்பு வந்து சேர்ந்தாலும் தசை செத்துப் போயிருக்கும்னு. விரல் வராதுன்னு மொத மொத ஒருத்தர் சொன்னார். எனக்கு அழுகை வரல, சத்தியமா ஒரு மாதிரி நிம்மதியா இருந்துச்சு, அதுவரைக்கும் எல்லாரும் சரியாயிடும் சரியாயிடும்னே சொல்லிட்டு இருந்தாங்க பாருங்க.

2023 ஜனவரில ஆபரேஷன், ஒரு பகல் முழுக்க. விலா எலும்புக்கு நடுவுல மூச்சு வாங்க உதவற நரம்பு மூணு எடுத்து மேல்கை தசைக்கு இணைச்சாங்க. நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் தான் வளருமாம். தினம் சட்டையக் கழட்டிட்டு கண்ணாடி முன்னாடி நின்னு மூச்ச இழுத்து இழுத்துப் பாப்பேன். ஒண்ணும் நடக்காது. வலி வேற. தொட்டா தெரியாத கை, ஆனா உள்ள அடுப்புல வச்ச மாதிரி எரியும், திடீர்னு ஷாக் அடிக்கும். மாத்திரை போட்டா வலி கொறையும், கூடவே ஆளும் மந்தமாயிடுவோம். ஒரு தடவ சூடான குக்கர்ல கை பட்டு கொப்புளம் வந்தது கூட மறுநாள் தான் தெரிஞ்சுது.

இன்சூரன்ஸ் என்னாச்சுன்னு நெறய பேர் கேட்டாங்க. தேர்ட் பார்ட்டி பாலிசி நம்மால அடிபட்டவங்களுக்கு, நாய்க்கு ஒதுங்கி நாமளே விழுந்தா ஒண்ணும் கெடையாது. ஓனருக்குன்னு 15 லட்சம் கவர் ஒண்ணு இருக்கு, ஆனா வண்டி ஃப்ரெண்டோடது, நான் ஓனர் இல்ல. முடிஞ்சுது.

ஆனா எனக்குப் பெரிய அடி இதெல்லாம் இல்ல, சோறு. நம்மூர்ல வலது கைக்குப் பேரே சோத்துக்கை, எடக்கை பீச்சாங்கை. இப்ப ரெண்டு வேலைக்கும் ஒரே கை தான், அசிங்கமா நெனைக்காதீங்க, இத யாரும் எழுத மாட்டாங்கன்னு தான் எழுதறேன், டாய்லெட்ல ஸ்ப்ரே பைப் மாட்டற வரைக்கும் எனக்கே சாப்பாடு எறங்கல. ஒரு கல்யாணப் பந்தில எதிர்ல இருந்த பெரியவர் "வலது கைல எடுப்பா, எலைல லட்சுமி"ன்னார். கை வெளில பாக்க முழுசா தானே இருக்கு, அவர் என்ன பண்ணுவார். எழுந்து வந்துட்டேன். அதுக்கப்புறம் ஒரு வருஷம் எந்த விசேஷத்துக்கும் போகல. கோயில்ல விபூதி வாங்க எடக்கைய நீட்டணுமேன்னு கோயிலுக்கும் போகல.

ஆபரேஷன் முடிஞ்சு ஏழாவது மாசம், மூச்ச இழுத்தப்போ தோலுக்கு அடில ஏதோ துடிச்சுது, மீன் வால் ஆட்டற மாதிரி. வீட்டம்மாவ ஓடி வரச்சொல்லி காட்டினேன். அதுக்கப்புறம் முட்டி கொஞ்சம் கொஞ்சமா மடங்க ஒரு வருஷம் ஆச்சு. விரல் டாக்டர் சொன்ன மாதிரியே களிமண்ணு தான்.

2024 கடைசில அக்கா பொண்ணுக்கு காதுகுத்து. தாய்மாமன் மடில தான் உக்கார வைக்கணும், சித்தப்பா பையன உக்கார வச்சுக்கோங்கன்னு போன்ல சொன்னேன், அக்கா திட்டின திட்ட இங்க எழுத முடியாது. போனேன். சீர்த் தட்டு குடுக்கும்போது எடக்கையா இருக்கேன்னு வீட்டம்மா அடில கை குடுக்க வந்தா. அக்கா தடுத்துட்டு, "அதாலயே குடுடா, இப்ப அதான உன் சோத்துக்கை"ன்னா, சும்மா சாதாரணமா, உப்பு எடுன்னு சொல்ற மாதிரி. அன்னிக்குப் பந்தில உக்காந்து ரெண்டு தடவ சாம்பார் வாங்கி சாப்பிட்டேன். எதிர்ல யார் இருந்தாங்கன்னு பாக்கல.

இப்ப கடைல பையன் ஒருத்தன் சால்டரிங் பண்றான், சாஃப்ட்வேர் வேலை என்னுது, போர்ட க்ளாம்ப்ல மாட்டிட்டு சின்னச் சின்ன சால்டரிங் நானும் எடக்கைல பண்றேன், கோணலாத்தான் வருது. வலி இருக்கு, மழை நாள்ல ஜாஸ்தி. வண்டிச் சத்தம் கேட்டா இன்னும் ரோட்டோரம் ஒதுங்கிடறேன். ஒரு விஷயம் மட்டும் மாறல, நரம்பு விலாவுல இருந்து வந்ததால தும்மினா வலது கை தானா டக்குனு மடங்கும். அக்கா பொண்ணு இத எப்டியோ கண்டுபுடிச்சிட்டா. போன வாரம் வந்தப்போ சமையல்கட்டுல இருந்து மெளகுத்தூள் டப்பாவத் தூக்கிட்டு வந்து நிக்கறா, "மாமா, மோந்து பாரு".