எட்டுப் பொட்டலம் மகரந்தமும் ஒரு பப்பாளிப் பழமும்

என்னிடம் இருந்தது எட்டே எட்டுப் பொட்டலம். அதில் ஒன்றுதான் உருப்பட்டது. மீதி ஏழும் எங்கே போயின என்று எழுதினால், பப்பாளி மகரந்தத்தை ஃப்ரிட்ஜில் சேர்த்து வைக்க நினைக்கிற இன்னொருவருக்காவது பஸ் காசு மிஞ்சும்.

கதை சின்னதுதான். கடலூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பெண் பப்பாளி நிற்கிறது. முழங்கால் உயரத்திலிருந்தே காய்க்கும், உட்கார்ந்தபடி பறிக்கலாம். சதை மட்டும் மஞ்சள். பெண்ணையாற்றங்கரைக் கிராமத்தில் சித்தப்பா வீட்டில் ஒரு ஆண் மரம் இருந்தது. அதே பழத்து விதையில் முளைத்த மூன்று பெண் மரங்களும் சிவப்புச் சதை. குள்ள மரம், சிவப்புப் பழம், இரண்டையும் ஒன்றில் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் ஆசை. பப்பாளியில் மஞ்சள்தான் ஓங்கும், சிவப்பு ஒரு தலைமுறை ஒளிந்துகொள்ளும். அதனால் முதல் கலப்பில் சிவப்பு வராமல் போகலாம், அதன் பிள்ளைகளுக்குள் மறுபடி கலந்தால்தான் வெளியே வரும். தெரிந்துதான் இறங்கினேன்.

"காய்க்காத மரத்துக்கு இவ்ளோ மரியாதையா?" என்று சித்தப்பா சிரிப்பார். வெட்டாமல் விட்டதே எனக்காகத்தான். கோ.2 மாதிரி ஆண் தனி, பெண் தனியாக வருகிற ரகம் வைத்தவர்களே 20 பெண்ணுக்கு ஒரு ஆணை விட்டுவிட்டு மற்றதை வெட்டுவார்கள். கோ.3, கோ.7 வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை, அதில் தனி ஆண் மரம் வராது, பெண் மரம் போக மற்ற மரங்களில் ஒரே பூவில் இரண்டும் இருக்கும்.

முதல் முயற்சியைப் பொட்டலக் கணக்கில் சேர்க்கவில்லை, சேர்க்கிற தகுதி அதற்கு இல்லை. 2024 அக்டோபரில், மழை விட்ட மறுநாள் காலையில் பூ பறித்து, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்தேன். நாலாம் நாள் திறந்தால் புளித்த மாவு வாசனை, டப்பா மூடியில் முத்து முத்தாகத் தண்ணீர், பூவின் மேல் சாம்பல் நிறத்தில் பூசணம். மகரந்தத்துக்கு முதல் எதிரி சூடு என்று நினைத்திருந்தேன். கடற்கரை ஊரில் அது ஈரம்தான். உப்பு ஜாடியே கசிகிற ஊர் இது.

இரண்டாவது முறை, ஃபெஞ்சல் புயலுக்கு ஒரு வாரம் முன்னால், நல்ல வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். ஆண் பூக்கள் நீளமான காம்பில் கொத்தாகத் தொங்கும். விரிந்த பூவைத் தொடவில்லை. பூ விரிவதற்கு முன்பே மகரந்தப்பை வெடித்துவிடும், விரிந்ததில் பாதியைப் பூச்சி எடுத்துக்கொண்டிருக்கும். அன்று சாயங்காலமோ மறுநாளோ விரியப்போகிற, உப்பிய மொட்டாகப் பார்த்துச் சேகரித்தேன். பிளேடால் கீறினால் உள்ளே பத்து மகரந்தப்பை. ஊசி முனையால் பட்டர் பேப்பரில் தட்டினேன். அறுபது எழுபது மொட்டுக்கு, சுண்டு விரல் நகத்தில் அள்ளுகிற அளவு மஞ்சள் தூள்.

காய வைத்தது சிலிக்கா ஜெல்லில். புதுச் செருப்புப் பெட்டியில் வருகிற பை போதாது, எத்தனை நாள் ஈரம் குடித்ததோ யாருக்குத் தெரியும்? நீல நிறத்தில் கிடைப்பதை வாங்குங்கள், ஈரம் ஏறினால் ரோஸ் ஆகிவிடும், கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். (அந்த நீலம் கோபால்ட் உப்பு. சமையல் வாணலியில் போட்டு வறுக்காதீர்கள்.) ஹார்லிக்ஸ் பாட்டிலின் அடியில் சிலிக்கா, மேலே ஒரு சின்ன மூடியில் மகரந்தம், இறுக மூடி ஒரு நாள். மறுநாள் தூள் ஒட்டாமல் ஓடியது. கோயிலில் விபூதி மடித்துக் கொடுப்பார்களே, அதே மாதிரி பட்டர் பேப்பரில் எட்டாக மடித்தேன். எட்டாகப் பிரித்ததுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். ஒரே டப்பியில் வைத்து, ஒவ்வொரு தடவையும் வெளியே எடுத்து, திறந்து, மூடி, உள்ளே வைத்தால் மூன்றாவது தடவைக்கு உயிர் இருக்காது. எட்டுப் பொட்டலத்தையும் சிலிக்கா போட்ட பாட்டிலில் வைத்து ஃப்ரீஸரில் ஏற்றினேன். பெண் மரம் மழையில் பூ உதிர்த்துக்கொண்டிருந்தது, தை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்தது. எங்கள் மரத்துக்கு இலை கிழிந்ததோடு சரி, மணல் மேடு, தண்ணீர் நிற்கவில்லை. அடுத்து சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் பெண்ணையாற்றில் வந்தது. சித்தப்பா வீட்டு வாசலில் மூன்று நாள் தண்ணீர். பப்பாளி வேர் ஒன்றிரண்டு நாள் தண்ணீரில் நின்றாலே முடிந்தது. ஆண் மரமும் போயிற்று, மூன்று சிவப்பு மரமும் போயிற்று. சித்தப்பா போனில் மாட்டைப் பற்றியும் நெல்லைப் பற்றியும் பேசிவிட்டுக் கடைசியில்தான், "ஒன் மரமும் சாஞ்சிடுச்சும்மா" என்றார்.

அந்த மரத்தில் மிச்சம் என்று இருந்தது என் ஃப்ரீஸரில். அங்கே இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. ஐஸ் உருகிப் பாட்டில் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. மூடி நல்ல இறுக்கம், உள்ளே சிலிக்கா நீலமாகவே இருந்தது. ஆனால் உறைந்து, உருகி, மறுபடி உறைந்த மகரந்தம் பிழைத்திருக்குமா என்று பார்க்காமல் பூவில் வைக்க மனசு வரவில்லை.

அங்கேதான் முதல் பொட்டலம் போனது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்வார்கள் என்று யாரோ சொல்ல, ஜனவரியில் ஒரு நாள் லீவு போட்டுப் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினேன். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. வாசலில் செக்யூரிட்டி பையைத் திறந்து, "இன்னாம்மா இது, பொட்டலம்?" என்றார். பப்பாளி மகரந்தம் என்றேன். பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். இந்தக் காலத்தில் மடித்த காகிதத்தில் மஞ்சள் தூளோடு போகக்கூடாது என்று எனக்குத்தான் தோன்றியிருக்க வேண்டும். உள்ளே இருந்தவர் அடுத்த ரகம்.

"எந்த காலேஜ்?"

"காலேஜ் இல்ல சார். வீட்டுல..."

"வீட்டுக்கு எதுக்கும்மா மகரந்தம்? டிபார்ட்மென்ட் லெட்டர்பேட்ல லெட்டர், கைடு கையெழுத்து, ரெண்டும் கொண்டாங்க."

இரண்டு நிமிஷ வேலை, ஒரு தடவை குனிந்து பார்க்க வேண்டியதுதான். மதியம் ஒன்றரைக்கு வெயிலில் பஸ் ஸ்டாண்டு. கைப்பையில் வெந்த அந்தப் பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து என்ன செய்ய? துளசி மாடத்தில் கொட்டினேன்.

விடை எதிர் வீட்டில் இருந்தது. எட்டாவது படிக்கிற பையனிடம் ஃபோல்ட்ஸ்கோப் இருந்தது, காகிதத்தை மடித்துச் செய்கிற மைக்ரோஸ்கோப், 140 மடங்கு பெரிதாகக் காட்டும். செல்போன் கேமராவில் ஒட்டிவிட்டால் மகரந்தம் உருண்டை உருண்டையாகத் திரையில் தெரிகிறது. முளைக்க வைக்கும் தண்ணீரும் வீட்டிலேயே தயாரானது: பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர், லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை, 0.1 கிராம் போரிக் பவுடர். 0.1 கிராமை நிறுக்க முடியாது. 1 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து, அதில் 100 மில்லி எடுத்து, அதை ஒரு லிட்டராக்கிக்கொள்ளுங்கள். மெடிக்கலில் போரிக் கேட்டால், "கேரம் போர்டுக்கா?" என்றுதான் கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள், சுலபம்.

இரண்டாவது பொட்டலத்தை ஃப்ரீஸரிலிருந்து எடுத்த கையோடு பிரித்தேன். தூள் ஓடவில்லை, ஈர மாவு மாதிரி காகிதத்தில் அப்பியிருந்தது. சர்க்கரைத் தண்ணீரில் போட்டு நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒன்றுகூட முளைக்கவில்லை, பாதி வெடித்துக் கிடந்தது. கரண்ட் போனதில் எல்லாம் செத்துவிட்டது என்று அன்று ராத்திரி சாப்பிடவில்லை. பையன்தான் மறுநாள் கேட்டான்: "ஆன்ட்டி, ஃப்ரிட்ஜ்லேர்ந்து தண்ணி பாட்டில் எடுத்தா வெளிய வேர்க்கும்ல, அந்த மாதிரி பொட்டலமும் வேர்த்திருக்குமோ?"

அதேதான். மூன்றாவதுக்குப் பாட்டிலையே மூடியோடு வெளியே எடுத்து, மேஜையில் இரண்டு மணி நேரம் வைத்து, பாட்டிலைத் தொட்டால் ஜில்லென்று இல்லை என்ற பிறகு திறந்தேன். ஒரு பொட்டலம் மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் திரும்ப உள்ளே வைத்தேன். தூள் ஓடியது. உருண்டைக்குப் பக்கத்தில் சின்ன வால் முளைத்திருந்தது. நூறு எண்ணினோம், 43-க்கு வால் இருந்தது. பையன் குதித்தான். நானும் குதித்தேன், யாரும் பார்க்கவில்லை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரிதான் நினைவிருக்கும் என்றால், இது இருக்கட்டும்: சில்லிப்பு முழுதாகப் போகாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

நான்கும் ஐந்தும் அத்தை கணக்கு. அடுத்த தடவை ஒன்றொன்றாக வெளியே எடுக்க வசதியாக இருக்கும் என்று, அந்த இரண்டை மட்டும் சின்ன டப்பியில் தனியாக வைத்திருந்தேன். மாசி மகத்துக்கு வீடு துடைத்தபோது ஃப்ரீஸரையும் துடைத்திருக்கிறார்கள். சாயங்காலம் பார்த்தால் இரண்டும் சாமி படத்துக்கு முன்னால், ஒன்று பிரித்தபடி.

"வைத்தீஸ்வரன் கோயில் விபூதின்னுல்லம்மா நெனச்சேன். ஐஸ் பொட்டியில எவளாவது சாமி பொருள வைப்பாளான்னு எடுத்து வெச்சேன்."

"அது மஞ்சளா இருந்துதே அத்தை."

"சந்தனம் கலந்தாப்புல இருந்துது. நெத்தியிலகூட வெச்சிகிட்டேன்."

கோபப்பட முடியவில்லை. டப்பா மேல் எழுதி ஒட்டாதது என் தப்பு.

மீதி மூன்று. மார்ச்சில் பெண் மரம் நன்றாகப் பூத்தது. பெண் மொட்டு அடி பருத்து, தண்டோடு ஒட்டி இருக்கும். மறுநாள் விரியப்போகிற மொட்டுக்கு முதல் நாளே உறை போட வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரிப் பூச்சி பக்கத்துத் தெரு மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும். ஆறாவது பொட்டலத்துக்குப் பட்டர் பேப்பர் தீர்ந்துவிட்டது என்று பாலிதீன் உறை போட்டேன். உள்ளே வேர்த்து, பூ அழுகி, ஐந்தாம் நாள் உதிர்ந்தது. ஏழாவது: உறை சரி, மகரந்தம் சரி, ஆனால் பூ விரிந்து மூன்று நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமைதான் கை ஒழிந்தது. மகரந்தத்தை வாங்குகிற, விசிறி மாதிரி விரிந்த சூல்முடியின் நுனி பழுப்பாகியிருந்தது. பரவாயில்லை என்று வைத்தேன். எட்டாவதை, பூ விரிந்த மறுநாள் காலை ஏழு மணிக்குள் வைத்தேன். பஞ்சு பட்ஸ் வேண்டாம், பாதித் தூளைப் பஞ்சு தின்றுவிடும். கழுவித் துடைத்த விரல் போதும்.

இரண்டும் பிடித்தன. இரண்டும் காயாகின. எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அவசரப்பட்டுவிட்டேன்.

ஆகஸ்டில் முதலில் பழுத்தது ஏழாவது, கொஞ்சம் சின்னப் பழம். அறுத்தால் உள்ளே வழவழவென்று வெறும் குழி. ஒரு விதை இல்லை. பெண் பப்பாளி மகரந்தமே படாமலும் காய் பிடிக்கும் என்பதைப் பிறகுதான் படித்தேன். காய் பிடித்ததை வைத்துக் கலப்பு பிடித்தது என்று நம்பாதீர்கள், அறுக்கிறவரை எதுவும் நிச்சயமில்லை. ஐந்து மாதம் காத்திருந்து, வெறும் குழி. அத்தை அதையும் துண்டு போட்டு எல்லோருக்கும் கொடுத்தார்கள். இனிப்பாகத்தான் இருந்தது.

எட்டாவதை அறுக்கக் கத்தியை என் கணவரிடம் கொடுத்தேன். மஞ்சள் சதை, அது தாய் மரத்துடையது, அதில் ஆச்சரியமில்லை. குழி நிறைய கறுப்பு. தண்ணீரில் போட்டு மிதந்ததைக் கழித்தபின் முந்நூற்றுச் சொச்சம். விதை மேல் இருக்கிற வழவழப்புத் தோலைச் சாம்பல் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டேன், அது இருந்தால் முளைப்பு தள்ளிப்போகும். பதினேழாம் நாள் முதல் முளை.

இப்போது 22 கன்று பையில் நிற்கிறது, மீதி அக்கம்பக்கத்துக்குப் போய்விட்டது. பெண்ணோடு ஆணைச் சேர்த்தால் பிள்ளைகள் பாதிக்குப் பாதி, எது எது என்று பூ வரும்வரை தெரியாது. பாட்டில் மேல் 'இது சாமி பொருள் இல்லை' என்று பெரிதாக எழுதி ஒட்டியாயிற்று, உள்ளே புது சிலிக்கா. போன வாரம் சித்தப்பா போன் பண்ணினார். தண்ணீர் வடிந்த இடத்தில் மேடு கட்டி மண் கொட்டியிருக்கிறாராம்.

"ஆண் கன்னு ஒண்ணு எனக்கு எடுத்து வையிம்மா."

"பூக்கட்டும் சித்தப்பா. இப்ப எது ஆணுன்னு எனக்கே தெரியாது."

"அப்ப நாலு குடு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."