கடலுக்குள் பாடசாலை இல்லை

மகளுக்கு நாலு வயது முடிந்த அன்று, கேக் வெட்டி முடிய முன்னமே மாமி கேட்டா: “உங்கட வோட்டு எங்க பதிஞ்சு கிடக்கு?” ஏதோ தேர்தல் வரப்போகிறதாக்கும் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்க்கிற கதை அது என்று விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. எங்களிடம் அதற்குச் சரியான பதில் இல்லை என்று முழுசாக விளங்க ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது.

நாங்கள் இருப்பது திருகோணமலையில், பாலையூற்றில், வாடகை வீட்டில். கல்யாணம் முடித்துக் கொஞ்ச காலம் சாம்பல்தீவில் மாமா வீட்டில் இருந்துவிட்டு, இவருக்கு வேலை டவுனில் என்பதால் இங்கே வந்தோம். வந்த முதல் வருடம் வாக்காளர் பதிவுப் படிவம் வந்தபோது இவர், “அது அங்கேயே கிடக்கட்டும், பிறகு பார்ப்பம்” என்று விட்டுவிட்டார். அடுத்த வருடமும் அதே கதைதான். அந்த ‘பிறகு பார்ப்பம்’ பாடசாலை அனுமதியில் எங்களுக்கு எத்தனை புள்ளி செலவு வைத்தது என்று பின்னால் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் வாய் திறக்கவில்லை.

இதை எழுதுவதற்குக் காரணம், போன கிழமை என்னோடு வேலை செய்கிற தங்கச்சி ஒருத்தி அதே முகத்தோடு வந்து நின்று “அக்கா, எங்க இருந்து தொடங்கிறது?” என்று கேட்டதுதான். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். விதிகளில் சின்னச் சின்ன மாற்றம் வரும், அதனால் உங்கள் வருடத்துக் கல்வி அமைச்சுச் சுற்றறிக்கையை எடுத்து ஒரு வரி விடாமல் வாசியுங்கள்.

முதலில் ஒதுக்கீடு. நல்ல பெயர் உள்ள ஓர் அரச பாடசாலையில் முதலாம் வகுப்பு இடங்களை அமைச்சின் சுற்றறிக்கை இப்படித்தான் பிரிக்கிறது: அண்மையில் வசிப்பவர்களின் பிள்ளைகளுக்கு 50 வீதம், பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு 25, ஏற்கனவே அங்கே படிக்கிறவர்களின் தம்பி தங்கைகளுக்கு 15, கல்வி நிறுவனங்களில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு 5, இடமாற்றத்தில் வந்த அரச உத்தியோகத்தருக்கு 4, குடும்பத்தோடு வெளிநாட்டிலிருந்து திரும்பினவர்களுக்கு 1. நான் மூதூர்ப் பிள்ளை, லோஞ்சுப் படகில்தான் டவுனுக்கு வந்து போனோம், 2006 ஆகஸ்ட் சண்டையில் கையில் கிடைத்த பையோடு ஊரை விட்டு ஓடி வந்தவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. இவர் படித்ததும் டவுனில் இல்லை. ஆகவே பழைய மாணவர் கதவு எங்களுக்கு இல்லை. இவள் மூத்த பிள்ளை, அக்கா அண்ணா கதவும் இல்லை. மிச்சம் அந்த 50 வீதம்தான்.

‘அண்மையில்’ என்ற சொல்லை நம்பி ஏமாறாதீர்கள். அது தூரத்தைச் சொல்கிற சொல் மட்டும் இல்லை, கடதாசியைச் சொல்கிற சொல்லும்தான். வாக்காளர் இடாப்பில் ஐந்து வருடத்துக்கு உங்கள் பெயர் அந்த முகவரியில் இருக்கிறதா, வீட்டு உறுதி உங்கள் பெயரிலா, பெற்றோர் பெயரிலா, வாடகை ஒப்பந்தமா, மின்சாரப் பட்டியல் தண்ணீர்ப் பட்டியல் யார் பெயரில் வருகிறது என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. எங்கள் வீட்டுக்காரர் கொழும்பில். மின்சாரப் பட்டியல் செத்துப்போன அவருடைய அப்பாவின் பெயரில் இன்னும் வருகிறது.

அப்புறம் வட்டம். இதுதான் எனக்குக் கடைசியாக விளங்கின விஷயம், விளங்கின அன்று இரவு நித்திரை வரவில்லை. உங்கள் வீட்டிலிருந்து நீங்கள் கேட்கிற பாடசாலைக்கு நேர்கோட்டில் எவ்வளவு தூரம் என்று எடுத்து, வீட்டை நடுவில் வைத்து அந்த அளவுக்கு வரைபடத்தில் வட்டம் கீறுவார்கள். அந்த வட்டத்துக்குள் உங்கள் பிள்ளையைச் சேர்க்கக்கூடிய ஆரம்பப் பிரிவுள்ள வேறு அரச பாடசாலை எத்தனை இருக்கிறதோ, ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி கழியும். அதாவது, “பக்கத்தில் இத்தனை பாடசாலை இருக்க ஏன் இங்கே வருகிறாய்?” என்று கேட்கிறார்கள். கேள்வியில் பிழை சொல்ல முடியாது.

பக்கத்து வீட்டுத் தம்பி போனில் வரைபடத்தைத் திறந்து கீறிக் காட்டினான். டவுனில் நாங்கள் கேட்ட பாடசாலைக்குக் கீறின வட்டத்துக்குள் ஐந்து பாடசாலை, 25 புள்ளி அவுட். பிறகு விளையாட்டாக, கடற்கரைப் பக்கம் இருக்கிற பெரியம்மா வீட்டிலிருந்து கீறச் சொன்னேன். வட்டத்தில் பாதி கடல். கடலுக்குள் யார் பாடசாலை கட்டி வைத்திருக்கிறார்கள்? வீடும் கிட்ட, வட்டமும் சின்னது, சின்ன வட்டத்திலும் பாதி தண்ணீர். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த பட்டினத்தில் கரையோரம் இருக்கிறவர்களுக்குக் கோணேசர் கொடுத்த வரம் இது என்று தம்பி சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த இரவுதான் கெட்ட யோசனையும் வந்தது. பெரியம்மாவும் தானாகவே சொன்னா: “இஞ்ச பதிஞ்சு விடு மோனே, ஆர் வந்து பாக்கப் போயினம்?” நான் ஒளிக்கப் போவதில்லை, அடுத்த நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு அந்தப் பிரிவுக் கிராம சேவகரிடம் (ஜி.எஸ்.) போனேன். அவர் நல்ல மனிதர். நான் சுற்றி வளைத்துச் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, “தங்கச்சி, நீங்க இஞ்ச இருந்தாத்தானே நான் எழுதலாம்” என்றார். அவ்வளவுதான். வெட்கத்தில் வியர்த்துப்போய் வெளியே வந்தேன். எழுதிக் கொடுக்கிறவர்களும் உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். நேரில் பார்க்க வருகிற நாளில் பெரியப்பா வீட்டுக் கொடியில் பிள்ளையின் சட்டைகளைக் காயப்போட்டு வைத்தவர்களை எனக்குத் தெரியும், அவர்களின் பிள்ளைக்கு இடமும் கிடைத்தது. அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஜி.எஸ். ஓம் என்றிருந்தால் நானும் சட்டை காயப்போட்டிருப்பேன்.

சரி, நேர்வழியில் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். பிறப்புச் சான்றிதழின் பிரதியை ‘பட்டினமும் சூழலும்’ பிரதேச செயலகத்தில் எடுத்தோம். எங்கள் ஜி.எஸ்.ஸிடம் வதிவிடச் சான்று. ஒவ்வொரு வருடத்து வாக்காளர் இடாப்புப் பிரதிக்கும் தனித்தனி அலைச்சல். மின்சாரப் பட்டியல் ஏன் வேறு பெயரில் இருக்கிறது என்று சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக் கடதாசி. வாடகை ஒப்பந்தம் வெறும் முத்திரையோடு கிடந்தது, அதைப் பதிவு செய்திருந்தால் நல்லது என்று எல்லோரும் பிந்தித்தான் சொன்னார்கள். விண்ணப்பங்கள் ஒவ்வொரு அதிபருக்கும் தனித்தனியாகப் பதிவுத் தபாலில். தபால் துண்டுகளைக் கட்டாயம் பைலில் ஒட்டி வையுங்கள். ஒரு இடத்தில் “உங்கட விண்ணப்பம் வரேல்லையே” என்றார்கள், துண்டை நீட்டினேன், இரண்டு நிமிடத்தில் விண்ணப்பம் ‘வந்துவிட்டது’.

ஒரு நாள் போட்டோக்கொப்பிக் கடை வாசலில் பைலை மோட்டார் சைக்கிள் சீட்டில் வைத்துவிட்டுச் சில்லறை எடுக்கத் திரும்ப, மான் ஒன்று வந்து அதை முகர்ந்துகொண்டு நிற்கிறது. டவுனுக்குள் திரிகிற எங்கள் ஊர் மான்களுக்குக் கடதாசி என்றால் பிரியாணி. பாய்ந்து பிடுங்கினேன். ஐந்து வருடத்து இடாப்பை அது தின்றிருந்தால் யாரிடம் சத்தியக் கடதாசி எடுப்பது?

நேர்முகப் பரீட்சைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகத் தேவையில்லை, பிள்ளையிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. பரீட்சை எழுதுவது பைல்தான். ஐந்து பேர் மேசையில், நாங்கள் இருவரும் எதிரே. ஒவ்வொரு கடதாசியாக எடுத்துக் கூட்டினார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள், அதைச் சொல்ல வேண்டும். கூட்டின புள்ளியை எங்களுக்கும் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். வெளியே வாகை மரத்தடியில் நின்ற மற்றப் பெற்றோரிடம் எண்களை விசாரித்த உடனேயே இவர், “வா போவம்” என்றார். தற்காலிகப் பட்டியல் ஒட்டின அன்று பார்க்கப் போனது சடங்குக்குத்தான்.

மேன்முறையீடும் செய்தோம். கடிதத்தில் அழ வேண்டாம், அங்கே கண்ணீருக்குப் புள்ளி இல்லை. எந்தப் பத்திரத்துக்கு எந்தப் புள்ளி குறைத்தார்கள், சுற்றறிக்கையின் எந்தப் பிரிவுப்படி அது பிழை என்று எழுதினால்தான் எடுத்துப் பார்ப்பார்கள். எங்களுக்கு இரண்டு புள்ளி கூடியது. வெட்டுப்புள்ளிக்கு இன்னும் கனக்கத் தூரம்.

இதற்கிடையில் ஒரு தொலைபேசி அழைப்பு. யார் என்று எழுதப் போவதில்லை. “கட்டடத்துக்கு ஒரு பங்களிப்பு” என்று தொடங்கினார், தொகையை நாங்களாகச் சொல்ல வேண்டுமாம். அனுமதிக்குக் காசு வாங்குவதை அமைச்சு தடை செய்திருக்கிறது என்று இவருக்கும் தெரியும், அழைத்தவருக்கும் தெரியும். இவர் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டு முற்றத்தில் போய் நின்றார். கொள்கைக்காக இல்லை என்று அன்று இரவு என்னிடம் சொன்னார், கையில் காசு இல்லாததால்தான்.

சர்வதேசப் பாடசாலை ஒன்றையும் விசாரித்தோம். புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்க 1961இன் சட்டம் இடம் கொடுக்கவில்லை, அதனால் இவை கம்பனிச் சட்டத்தின் கீழ் வியாபாரமாகப் பதிந்துகொண்டு நடக்கின்றன. தவணைக் கட்டணத்தைக் கேட்டுவிட்டு நன்றி சொல்லி வந்தோம். இவருடைய அண்ணா டொராண்டோவில். அவர் போனில், “அரசாங்கம் ஒரு பிள்ளைக்குச் செலவழிக்கிற காசைப் பெற்றார் கையில குடுத்தா விரும்பின இடத்தில சேர்க்கலாம்தானே” என்று ஒரு மணித்தியாலம் விளக்கினார். சரி அண்ணா, அந்தக் காசோடு நான் போய் நின்றாலும் அங்கே இருக்கிற கதிரை அதே எண்ணிக்கைதானே? பாடசாலை எல்லைக்காகவே அங்கேயும் சனம் கூடின விலைக்கு வீடு வாங்குகிறது என்று போன வருடம் சொன்னவரும் அதே அண்ணாதான்.

மகள் இப்போது எங்கள் வீட்டிலிருந்து எட்டு நிமிட நடையில் இருக்கிற மாகாணப் பாடசாலையில் படிக்கிறாள். அந்த வட்டத்துக்குள் விழுந்து எங்களுக்கு 5 புள்ளி வெட்டின ஐந்தில் ஒன்று. சேர்க்கப் போன அன்று அதிபர் எழும்பி நின்று வரவேற்றார், எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வகுப்பில் இவளோடு சேர்த்துப் பதினொரு பிள்ளைகள். ஆரம்பப் பிரிவு ரீச்சர் ஒவ்வொருத்தரின் வீட்டுக் கதையும் தெரிந்து வைத்திருக்கிறா. இரண்டாம் தவணையில் மகள் நன்றாக வாசிக்கத் தொடங்கிவிட்டாள். ஆனால் மழைக்கு ஒரு மூலை ஒழுகும், மேல் வகுப்புகளுக்கு ஆங்கில ஆசிரியர் இல்லை, கழிப்பறையை அபிவிருத்திச் சங்கத்தில் நாங்களே சேர்ந்து திருத்தினோம். தர உள்ளீடு என்று கற்பித்தல் பொருட்களுக்கு வருகிற காசு பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்து வருவது. பதினொரு பேருக்கு எவ்வளவு வரும்? டவுன் பாடசாலைக்கு லண்டனிலும் கனடாவிலும் பழைய மாணவர்கள் இருக்கிறார்கள். இங்கே படித்தவர்களில் பலர் கடலுக்கும் கட்டார் வேலைக்கும் போனவர்கள்.

1945இல் கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா இலவசக் கல்வி என்று கொண்டு வந்தார், மிஷன்காரரும் ஊர்ச் சனமும் கட்டி வைத்த பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை 1960, 61இல் அரசாங்கம் எடுத்தது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கதவு என்றுதான் கதை. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதம் கல்விக்கு வேண்டும் என்று 2012இல் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் மாதக்கணக்காகப் பணிப்பகிஷ்கரிப்பு செய்தார்கள், 2 வீதத்தைச் சுற்றித்தான் இன்னும் நிற்கிறோம். அந்தக் குறைந்த காசிலும் தேசிய பாடசாலை மத்திய அமைச்சின் கீழ், மற்றவை மாகாணத்தின் கீழ். ஒரே வீதியில் இரண்டு அரசாங்கம். இதைச் சொன்னால் டவுன் பெற்றோர், “அப்ப எங்கட பாடசாலையையும் ஒழுக விடச் சொல்லுறீங்களோ?” என்று கோபிக்கிறார்கள். இல்லை. நான் எட்டு மாதம் ஓடிய ஓட்டத்தில் பாதியை இந்தப் பாடசாலைக்கு ஓடியிருந்தால் ஒரு ஆங்கில ரீச்சராவது வந்திருப்பா என்றுதான் எனக்குப் படுகிறது. நானும் ஓடவில்லை, என் தெருவில் ஒருத்தரும் ஓடவில்லை. இந்தத் தெருவிலிருந்து மட்டும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நாலு வான் டவுனுக்குப் போகிறது.

போன மாதம் வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஏழு பெற்றோர் சேர்ந்து போய் ஆசிரியர் கேட்டுக் கடிதம் கொடுத்தோம். பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். பிரதியில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டேன், பழைய பைலில் இடம் இருந்தது.

மகனுக்கு இப்போது மூன்று வயது. போன கிழமை ஜி.எஸ். வாக்காளர் படிவத்தோடு வந்தார். இவர் பேனை தேடுவதற்குள் நானே வாங்கி, முகவரியை இரண்டு தடவை சரி பார்த்து, நிரப்பிக் கொடுத்துவிட்டேன்.