கார், பிசானம் பார்த்து அடுக்கிய கடிதங்கள்

தாத்தாவின் முதலாண்டுத் திதி முடிந்த பிறகுதான் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறக்க ஆச்சி சம்மதித்தார். மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, வெலிங்டனில் பயிற்சி பெற்று, ஹவில்தாராக ஓய்வு பெற்றுச் சேரன்மாதேவிக்குத் திரும்பியவர் அவர். பதக்கங்களைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து, அவர் பணியாற்றிய இடங்களைக் குறித்த வரைபடம் ஒன்றையும் பக்கத்தில் மாட்ட வேண்டும் என்பதே என் திட்டம்.

பதக்க வேலை ஒரே நாளில் முடிந்தது. புளி போட்டுத் தேய்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, பருத்தித் துணியால் தூசியை மட்டும் துடைத்தேன்; விளிம்பில் பொறித்திருக்கும் எண்ணும் பெயரும் தேய்ந்துவிட்டால், அது யாருடைய பதக்கம் என்பதற்கே சான்று இராது. 1971 போரில் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்கு வழங்கப்பட்ட பூர்வி ஸ்டாரும் அவற்றுள் இருந்தது.

வரைபடம்தான் கைகூடவில்லை. பெட்டியின் அடியில் அவர் வீட்டுக்கு எழுதிய 63 இன்லண்ட் கடிதங்கள் கிடந்தன. ஆனால் அனுப்புநர் முகவரியில் ‘99 ஏ.பி.ஓ.’ என்ற ராணுவத் தபால் அலுவலக எண்ணுக்கு மேல் இடம் எதுவும் இல்லை. முத்திரையிலும் களத் தபால் நிலையத்தின் எண் மட்டுமே இருக்கிறது, ஊர்ப் பெயர் கிடையாது. பல கடிதங்களில் தேதியும் மங்கிவிட்டது.

மடிப்புகள் ஒட்டிக் கிடந்ததால், மூடிய டப்பாவுக்குள் ஈரத்துணி விரித்து, அதற்கு மேல் வலைத்தட்டில் கடிதத்தை வைத்து இளக்கினேன். முதல் கடிதத்தை இரவு முழுவதும் விட்டுவிட்டதில் ஊற்றுப் பேனா மை ஊறி இரண்டு வரிகள் அழிந்துபோயின. அவை இனித் திரும்பா. அதன்பின் பால்பாயிண்ட் பேனாவில் எழுதியவற்றை மட்டுமே, அதுவும் மூன்று மணி நேரத்துக்கு மேற்படாமல் இளக்கி, மை ஒற்றும் தாள்களுக்கு நடுவே கனமான புத்தகங்களின் அடியில் வைத்து, 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்கிறேன்.

வரிசைப்படுத்த வழி காட்டியது வயல். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருந்த எங்கள் நிலத்தைப் பற்றிக் கேட்காமல் தாத்தா கடிதத்தை முடித்ததே இல்லை. ஐப்பசி வாக்கில் அறுவடையாகும் கார் நெல்லுக்கு நடவா, மாசி வாக்கில் அறுவடையாகும் பிசான நெல்லுக்குக் களையெடுப்பா என்று பார்த்தால் மாதம் ஏறக்குறையத் தெரிந்துவிடுகிறது. அறுவடையை விசாரித்த கடிதம் ஒன்றை நான் மாசியில் வைத்திருந்தேன். வாசிக்கக் கேட்ட ஆச்சி, “வைக்கோல் நனைஞ்சுதான்னு கேக்காவன்னா அது கார் அறுப்புலே. பிசான அறுப்புக்கு ஏது மழை?” என்றார். அது ஐப்பசிக்கு நகர்ந்தது. ஸ்கேனரைவிட ஆச்சியே எனக்குப் பயன்பட்டார் என்று சொல்ல வேண்டும்.

1971 டிசம்பர் முத்திரை தெளிவாக உள்ள கடிதம் ஒன்றே ஒன்று. அந்த மாதம் 3ஆம் தேதி தொடங்கிய போர் 16ஆம் தேதி டாக்காவில் முடிந்ததை நாம் அறிவோம். கடிதத்திலோ போர் என்ற சொல்லே இல்லை. பிசானத்துக்குக் களையெடுக்க ஆள் கிடைத்ததா, சினைப்பசு கன்று ஈன்றதா, சின்னவளுக்குக் காது குத்திய புண் ஆறியதா என்ற மூன்று கேள்விகளோடு ‘நான் சௌக்கியம்’ என்று முடிகிறது. பூர்வி ஸ்டாருக்குப் பக்கத்தில், வரைபடத்துக்கென ஒதுக்கிய இடத்தில், இப்போது இதன் நகல்தான் இருக்கிறது.

இதுவரை 48 கடிதங்கள் வரிசைக்கு வந்துள்ளன. மீதி 15இல் பயிர்ப் பேச்சு இல்லை. அம்மாவின் பள்ளிக்கூடப் படிப்பைப் பற்றிய விசாரிப்பே மிகுதி. அவர் எந்த ஆண்டு எந்த வகுப்பில் படித்தார் என்று கணக்கிட, பழைய மதிப்பெண் அட்டைகளைத் தேடித் தரும்படி கேட்டிருக்கிறேன்.