73 வயதில் வந்த கட்டாயம்

இந்த வருடம் எனக்கு 73 வயது ஆனது. அமெரிக்காவில் வேலை பார்த்த காலமெல்லாம் ஐ.ஆர்.ஏ. என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் சேர்த்த பணத்திலிருந்து இனி வருடாவருடம் ஒரு தொகையை எடுத்தே ஆக வேண்டும். போடும்போது வரி கட்டவில்லை. அதனால் எடுப்பது முழுவதும் சம்பளம் மாதிரி வருமானத்தில் சேரும்.

கணக்கு சுலபம்தான். போன டிசம்பர் 31 அன்று இருந்த 2,65,000 டாலரை, ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித்துறை) அட்டவணையில் 73 வயதுக்குப் போட்டிருக்கும் 26.5 ஆல் வகுத்தேன். சரியாக 10,000 டாலர்.

முதல் தடவை மட்டும் அடுத்த ஏப்ரல் 1 வரை தள்ளிப்போட அனுமதி உண்டு. "என்ன அவசரம், ஏப்ரலில் எடுத்துக்கலாமே" என்றாள் மனைவி. நானும் சரி என்றுதான் இருந்தேன். அப்புறம் ஒரு நாள் தாளில் எழுதிப் பார்த்தேன். தள்ளிப்போட்டால் இரண்டாவது தொகையையும் அதே வருடம் டிசம்பர் 31க்குள் எடுக்க வேண்டும். இரண்டும் ஒரே வருட வருமானத்தில் விழும். சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்தில் வரி விழும் பங்கு கூடலாம். இரண்டு வருடம் கழித்து மெடிகேர் என்ற முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டின் பிரீமியமும் ஏறலாம். நவம்பரிலேயே எடுத்துவிட்டேன்.

என் நண்பர் ஒருவர் தேதியை மறந்துவிட்டார். எடுக்காத தொகையில் 25 சதவீதம் அபராதம் என்றதும் அவருக்குத் தூக்கமே போய்விட்டது. இரண்டு வருடத்துக்குள் சரிசெய்தால் அது 10 சதவீதமாகக் குறையும். நியாயமான காரணம் இருந்தால் படிவம் 5329 வழியாக முழுத் தள்ளுபடியும் கேட்கலாம். பயந்துகொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள்.

அடுத்த வருடம் 2,000 டாலரைக் கணக்கிலிருந்து நேரடியாக ஒரு தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பப் போகிறேன். அதுவும் கட்டாயத் தொகையில் கழியும், வருமானத்தில் சேராது.