சீனியர் தந்த புத்தகமும் நான்காவது சாட்சியும்

போன வாரம் எங்கள் மெடிக்கல் காலேஜ் ஃபாரன்சிக் துறையில் மாதிரி நீதிமன்றம் நடத்தினார்கள். பெங்களூரிலேயே இருக்கும் ஒரு சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு தரப்பு வக்கீல்கள், ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர் நீதிபதி, நான் பி.டபிள்யூ. 4, அதாவது அரசுத் தரப்பின் நான்காவது சாட்சி. காயத்தைப் பார்த்துச் சான்று கொடுத்த டாக்டர். இருபது நிமிஷம் கூண்டில் நின்றிருப்பேன். காது இன்னும் சூடு ஆறவில்லை.

கேஸ் சாதாரணமானதுதான். பார்க்கிங் தகராறு, டெம்போ டிரைவர் தலையில் அடி, போலீஸ் பிடித்தது ஓர் இரும்புக் கம்பி. இடப்பக்க உச்சியில் 5 செ.மீ. காயம். 17 நாள் அவரால் வண்டி எடுக்க முடியவில்லை என்று கேஸ் ஷீட்டில் இருந்தது. போட்டோவையும் அதையும் வைத்து வவுண்ட் சர்டிபிகேட் எழுதியது நான்தான். சீனியர் அக்கா விட்டுச்சென்ற பழைய புத்தகத்தையும் அவருடைய ரெக்கார்டு நோட்டையும் பார்த்து அரை மணியில் எழுதி நீட்டிவிட்டேன். சனி அங்கேயே பிடித்தது.

நிஜ கோர்ட் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள் என்றார் சார். அல்சூரிலிருந்து மேயோ ஹால் கோர்ட் கூப்பிடு தூரம்தானே என்று கிளம்பிப் போனால் அன்று இரண்டாம் சனிக்கிழமை. காலண்டரைப் பார்க்காதது என் தப்பு. வாசலில் நுங்கு சாப்பிட்டுத் திரும்பினோம்.

அடுத்தது ஆபீஸ். சர்டிபிகேட் இருந்த ஃபைலை கிளார்க் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ஒரு காப்பி வேண்டும் என்றேன். ஹெச்.ஓ.டி. கையெழுத்து வேண்டும் என்றார். கையெழுத்தோடு போனேன். "நாளெ பன்னி." கன்னடத்தில் நாளைக்கு வாருங்கள். மறுநாள் அவர் லீவு. கடைசியில் விசாரணை நடந்த காலையில்தான் ஃபைல் வெளியே வந்தது, அதுவும் நேராக நீதிபதி மேஜைக்கு. அரசுத் தரப்பு வக்கீலாக நின்ற பெண் என் சர்டிபிகேட்டை முதன்முதலாகப் பார்த்ததே அங்கேதான். உங்களுக்கு இப்படி ஒரு வேஷம் வந்தால், எப்படியாவது முந்தின நாளே உங்கள் தரப்பு வக்கீலோடு அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுங்கள்.

பிரமாணம் கன்னடத்தில். "சத்யவன்னே ஹேளுத்தேனே" என்று தடுமாறாமல் சொல்லிவிட்டேன். அதோடு நல்ல நேரம் முடிந்தது.

முதல் விசாரணையிலேயே அந்தப் பெண் நெற்றியைச் சுருக்கினாள். "டாக்டர், சாதாரணக் காயம் என்று எழுதியிருக்கிறீர்கள். எதை வைத்து?"

"20 நாள் ஆகவில்லை. 17தான்."

நீதிபதி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். சம்பவத் தேதி 2024 ஜூலை 1-க்குப் பிறகு. அன்று முதல் நடப்பில் இருப்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா. அதன் 116-ஆம் பிரிவில், வழக்கமான வேலையைப் பார்க்க முடியாமல் போனால் கொடுங்காயம் என்பதற்கான கணக்கு 15 நாள். 20 நாள் என்பது பழைய இந்திய தண்டனைச் சட்டம், ஐ.பி.சி. 320. அக்கா புத்தகத்தில் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தது அந்த 20-க்குத்தான். ஆயுதத்தால் சாதாரணக் காயம், 118(1) என்றால் அதிகபட்சம் மூன்று வருஷம்; கொடுங்காயம், 118(2) என்றால் ஆயுள் வரை போகலாம். நடுவில் நிற்பது நான் எழுதிய ஒற்றை வார்த்தை.

அடுத்து குறுக்கு விசாரணை. எதிர்த்தரப்புப் பையன் குரலையே உயர்த்தவில்லை.

"வெட்டுக்காயம் என்று எழுதியது நீங்கள்தானே?"

"ஆமாம்."

"கம்பியால் வெட்டுக்காயம் வருமா?"

"வராது, ஆனால்..."

"கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், டாக்டர்."

அந்த 'ஆனால்'தான் முழு கேஸும். தலைத்தோலுக்கு அடியிலேயே எலும்பு இருப்பதால் மழுங்கிய பொருள் பட்டாலும் தோல் கத்தி வைத்துக் கிழித்த மாதிரிப் பிளக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் ஓரம் கன்றியிருப்பதும், முடி வேர்கள் நசுங்கியிருப்பதும், காயத்துக்குக் குறுக்கே திசு இழை ஓடுவதும் தெரியும். வைவாவில் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். குறுக்கு விசாரணை முடிந்ததும் எங்கள் தரப்பு கேட்கும் மறுவிசாரணையில் இதைக் கேட்டு என்னைக் காப்பாற்ற வேண்டிய பெண்ணோ இன்னமும் 116-ஐப் புரட்டிக்கொண்டிருந்தாள். "நோ ரீ-எக்ஸாமினேஷன்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

நீதிபதியே கேட்டார். அவருக்கு அந்த அதிகாரம் உண்டு, புதிய சாட்சியச் சட்டமான சாட்சிய அதிநியமம் 168. நான் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். மூன்று வரி டைப் செய்யச் சொன்னார். சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு நிதானமாக, "நீங்கள் லென்ஸ் வைத்துப் பார்த்தீர்களா?"

பார்த்தேன் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. "இல்லை சார். எழுதவும் இல்லை." அதையும் டைப் செய்யச் சொன்னார்.

சந்தேகத்தின் பலன், விடுதலை.

வெளியே டீ குடிக்கும்போது அந்தப் பையன் வந்தான். கோயம்புத்தூராம். "தப்பா எடுத்துக்காதீங்க, எங்களுக்குக் கெடைச்சதே அந்த ஒரு வார்த்தைதானுங்க." என்ன சொல்ல? வடை வாங்கிக் கொடுத்தான், சாப்பிட்டேன்.

மறுநாள் காலை கிளார்க்கிடமிருந்து போன். ஃபைலில் அசல் சர்டிபிகேட் இல்லையாம். அது அரசுத் தரப்பு ஆவணமாக எக்ஸிபிட் பி 3 ஆகிவிட்டது, நீதிபதி கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்றேன். அப்படியானால் ஹெச்.ஓ.டி.யிடம் லெட்டர் வாங்கி வா என்றார். வாங்கிக்கொண்டு போனேன்.

"நாளெ பன்னி."